கலக்கிய மருந்தும் குலுக்கிய மருந்தும்

என் கண்ணு,

நேற்றுச் சாயங்காலம் நீ அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். ஆபீஸுக்குப் போட்டவை ஒரு பக்கம், வீட்டில் போடுகிறவை ஒரு பக்கம். ஆபீஸ் சட்டைகளைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை பழையபடி நெமிலிச்சேரி ஃபிளாட்டுக்கே போய்விடுகிறேன், அங்கே தனியாக இருந்துகொள்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் இப்போது நீ பேசுவதெல்லாம் "வெச்சுட்டுப் போ" என்பதுதான், அதுவும் நான் கஞ்சி டம்ளரோடு நிற்கும்போது. நானும் ஏதோ பெரிதாகப் பேசப்போவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வருவேன். வந்து நின்றதும், "மோட்டார் போட்டியா, டேங்க் ரொம்பிச்சா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். உடம்பு முடியாமல் படுத்திருக்கிற பிள்ளையிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி விசாரிக்கிற அம்மா இந்தக் கள்ளிக்குப்பத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இதைக் கவரில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் மடித்து வைக்கிறேன். உனக்கு எழுதியதுதான், ஆனால் அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ள இருந்த பிரியா வந்தால் அவளும் படிக்கட்டும். சபைப் போதகரிடமும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். ஊர் காதில் விழும்படி ஒரு விஷயத்தைச் சொன்னவள் நான். அது பொய்யாகிப் போனதையும் நானே ஊருக்குச் சொல்லித்தான் தீர வேண்டும்.

மகனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் புத்தி சொல்வார்கள். அப்படி ஒன்றை உனக்காக நானும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன், உன் கல்யாணத்தன்று கொடுப்பதற்காக. மாமியார் வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லாதே, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே, சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துக்கொள், இப்படி நிறைய. பாதிக்கு மேல் உன்னைப் பற்றிப் பிரியாவிடம் கோள் சொல்கிற கடிதம் அது. எதற்கும் அசைந்து கொடுக்காத பெண்ணாகத்தான் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், என் பிள்ளையைச் சமாளித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதில் ஒரு வரிகூட உனக்கு உதவாது. இந்த வயதில் போகப்போகிற பிள்ளைக்கு என்ன புத்தி சொல்வது என்று எந்தத் தாய்க்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

என் வேலையைப் பற்றி உனக்கு எப்போதும் சிரிப்புதான். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கட்டடத்துக்குள் புது மருந்துகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்து, ஆபத்து உண்டா என்று சொல்கிற வேலை. விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, நீ பிறந்து, பால் மறந்த பிறகு சேர்ந்தது. இரண்டாம் வகுப்பில் டீச்சர் உன்னிடம் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்க, நீ எழுந்து நின்று "எலிக்கு ஊசி போடறாங்க மிஸ்" என்றாய். அந்த டீச்சர் நான் கார்ப்பரேஷனில் எலி பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தன் வீட்டு மாடியில் எலித் தொல்லை தாங்கவில்லை, ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்து உன் அப்பா ஒரு வாரம் சிரித்தார். வேலை முடிந்து வந்தால் என்மேல் எலித்தீனி வாடை அடிக்கிறது என்று நான் குளிக்கும்வரை கிட்டே வரமாட்டாய். அந்த வாடையில்தான் நீ காலேஜ் முடித்தாய் என்று நானும் பதிலுக்குச் சொல்வேன்.

பிறகு உன் வயிற்றில் வலி வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரலில் கட்டி என்றார்கள். ஒன்றாக இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், அங்கங்கே பரவலாக இருக்கிறது, கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் மெதுவாக, "தம்பி குடிக்குமா?" என்று கேட்டாள். பீர் வாடைகூடப் பிடிக்காத பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவளை நன்றாகக் கேட்டுவிட்டேன். அவளைத் திட்டியதில் கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதன்பின் மாத்திரை, ஊசி, மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாக்டர் பேசுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இடத்துக்கு அந்த மருந்து வந்தது. கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பூச்சு, பூச்சில் ஒட்டிய புற்றுநோய் மருந்து. ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டு, வெளியே வயிற்றின்மேல் காந்தத்தை வைத்தால், துகள்கள் மருந்தைத் தூக்கிக்கொண்டு கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். உடம்பு பூராவும் மருந்து பரவி முடி கொட்ட வேண்டாம், வாந்தி எடுக்க வேண்டாம். முக்கியமாக, கல்லீரல் கட்டிக்காகவே செய்தது. மனிதர்களுக்குப் போடுவதற்குமுன் இது உடம்பைக் கெடுக்காதா என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். எங்கள் பிரிவின் தலைவி ஹேமாவைப் பார்த்து, இந்த ஸ்டடியில் ஊசி போடுகிற வேலையை எனக்கே கொடு என்று கேட்டு வாங்கினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வால் நரம்பில் ஊசி போடுவதில் என் கைக்கு ஒரு பேர் உண்டு, அதனால் கேட்கவும் தோன்றியிருக்காது. நீ உன் டாக்டரிடம் விசாரித்தாய். எலிச் சோதனை முடிந்து அனுமதி வந்ததும் மனிதர்களிடம் முதலில் போட்டுப் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரிகளில் எங்களுடையதும் ஒன்று, உங்கள் பேரைச் சேர்க்கலாம் என்று அவர் சொன்னார். அன்று நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றாய். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தூசியில் நின்றுகொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாய்.

முதல் ஸ்டடி நன்றாகப் போயிற்று. மருந்து பார்ப்பதற்கு டிகாஷன் மாதிரி இருக்கும். வைத்தால் அடியில் படியும் என்பதால், பீக்கரில் ஊற்றிக் கலக்கிக்கொண்டேதான் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். எங்களிடம் எந்தக் கரைசலாக இருந்தாலும் கலக்குவதற்கு ஒரே வழிதான். ஒரு மெஷின்மேல் பீக்கரை வைத்து, உள்ளே மாத்திரை அளவில் ஒரு வெள்ளைத் துண்டைப் போடுவோம். பீட் என்போம். மெஷினைப் போட்டால் அந்தத் துண்டு உள்ளே சுற்றிச் சுற்றிக் கலக்கும். அத்தனை வருஷமாக அத்தனை மருந்தையும் அப்படித்தான் கலக்கினோம், இதையும் அப்படித்தான் கலக்கினோம். எலிகள் நன்றாகத் தின்றன, எடை கூடின. ரத்தம் சுத்தம், ஈரல் சுத்தம், நுரையீரல் சுத்தம். அறிக்கை வெளியே போகுமுன் வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பது விதி. நான் அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் அறைக்குள் வந்து, "கண்ணு, ஒண்ணும் பண்ல டா! எல்லா எலியும் கல்லுமாரி கீது!" என்றேன். நீ அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய். இன்னும் ஒன்று போடட்டுமா என்று கேட்டேன், போடு என்றாய்.

அடுத்த ஞாயிறு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று போதகர் சொன்னதும் முதல் ஆளாக எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பரீட்சையில் தேறியது, வீடு கிடைத்தது, குழந்தை உண்டானது என்று மற்றவர்கள் சாட்சி சொல்வார்கள். கர்த்தர் என் பிள்ளைக்கான மருந்தை என் கையாலேயே சோதிக்க வைத்தார், மருந்து தேறிவிட்டது, என் பிள்ளை பிழைத்தான் என்று நான் சொன்னேன். சபையே எழுந்து நின்று கை தட்டியது. நீ தலையைக் குனிந்துகொண்டு, அம்மா மானத்தை வாங்குகிறாள் என்று சிரித்துக்கொண்டிருந்தாய். பிரியா அழுதாள். பாதி சோதனைதான் முடிந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முடியாத வேலைக்கு நன்றி சொல்லிவிட்டால் முடிக்காமல் விடமாட்டார் என்று ஒரு கணக்குப் போட்டேன். கடவுளை எல்லார் முன்னாலும் மாட்டிவிடப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஸ்டடி தொடங்குகிற அன்று காலை, கலக்குகிற அந்த ஸ்டிரர் மெஷின் சுற்றவில்லை. ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, இன்று மட்டும் பாட்டிலைக் கையால் நன்றாகக் குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஹேமா சொன்னாள். குலுக்கினேன், சிரிஞ்சில் எடுத்தேன், முதல் எலிக்குப் போட்டேன். ஊசியை எடுத்து வாலை விடுவதற்குள் அது வாயைத் திறந்து மூச்சுக்கு இழுத்தது. எத்தனையோ எலிகள் சாவதைப் பார்த்தவள் நான், எலிக்காக அழுகிறவள் இல்லை. இது என் கையுறையை முன்னங்காலால் பற்றிக்கொண்டு, என் விரலில் ஏறிக் காற்றைத் தேடியது. விலா ஏறி இறங்குகிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை. கை வைத்த இடத்திலேயே செத்துப்போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததை ஹேமா போடவேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

ஹேமா என்னைவிட ரொம்பச் சின்னவள், மரியாதை தெரிந்தவள். கையைக் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிரிஞ்சுல காத்துக் குமிழி எதுவும் போயிருக்குமா? கை தவறியிருக்குமா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை, நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். காற்று ஏறினாலும் எலி அப்படித்தான் சாகும். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால், ஊசி போட்டவளின் தவறு என்று எழுதி, செத்தவற்றுக்குப் பதில் வேறு எலிகளைச் சேர்த்துத் தொடர்ந்திருப்பார்கள். இரண்டொரு நாளில் மெஷின் ரிப்பேர் முடிந்து வந்திருக்கும். மறுபடி அதில் வைத்துக் கலக்கியிருப்போம், மறுபடி எல்லாம் சுத்தமாக வந்திருக்கும், உன் பேர் ஆஸ்பத்திரியில் ஏறியிருக்கும். இது அத்தனையும் குழாயை மூடுவதற்குள் என் மண்டைக்குள் ஓடிவிட்டது. ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, கண்ணு. வந்ததை மறைக்கமாட்டேன்.

"குமிழி இல்ல ஹேமா. என் கை தவறல" என்றேன்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்னதான் வித்தியாசம் என்று யோசித்தோம். மெஷின் ஒன்றுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளை பீட்டுக்குள் இருப்பது காந்தம். இரும்புத் துகளைக் காந்தம் போட்டுக் கலக்கியிருக்கிறோம்! ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அதைக் கழுவும்போது அதன் இரண்டு முனையிலும் தாடி மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். என் விரலாலேயே தேய்த்துக் கழுவி விட்டிருக்கிறேன். பாட்டிலிலிருந்து எடுத்த மருந்தைத்தான் அளவு சரியா என்று பரிசோதிக்க அனுப்பினோம், பீக்கரில் கலக்கிய பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வேறொரு பிரிவிலிருந்து மெஷின் வாங்கிவந்து, ஒரு பீக்கரைக் காந்தம் போட்டும் இன்னொன்றைக் கையாலும் கலக்கி, இரண்டையும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தோம். கையால் கலக்கியது டிகாஷன், காந்தம் போட்டது அதைவிட வெளிறிய தேநீர். துகள்களில் சில ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. தனித் துகளைவிடக் கட்டியைத்தான் காந்தம் சுலபமாக இழுக்கும். முதல் ஸ்டடியில் எங்கள் பீட் அந்தக் கட்டிகளையெல்லாம் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, நல்லதை மட்டும் எலிகளுக்கு அனுப்பியிருக்கிறது. செத்த எலிகளின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இரும்பைக் காட்டிக்கொடுக்கிற நீலச் சாயத்தைப் போட்டதும், முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்களிலெல்லாம் இரும்பு வழியை அடைத்துக்கொண்டு நீலமாக நின்றது.

ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸும் மருந்தைக் காந்த மெஷினில் வைத்துக் கலக்கமாட்டாள். பாட்டிலை எடுப்பாள், இரண்டு குலுக்குக் குலுக்குவாள், ஏற்றுவாள். முதல் கட்டிலில் நீ படுத்திருப்பாய்.

அன்று சாயங்காலம் ஹாலில் உன்னையும் அப்பாவையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். மருந்து செய்த கம்பெனி பூச்சையே மாற்ற வேண்டும், மறுபடி முதலிலிருந்து சோதனை, வருஷக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னேன். நீ கேட்டு முடித்துவிட்டு ரொம்ப நிதானமாக, "ஆமா, கை தவறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல மா?" என்றாய்.

"உனக்கு மூச்சு அடைச்சிருக்கும்டா" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன ஆவப்போவுது எனக்கு? சாவறதுதானே? அடைச்சாலும் அடைக்கும், அடைக்காமயும் போவும். அந்த ஒரு சான்ஸ் என்னுதும்மா. உன்னுது இல்ல."

அப்பா, "உடு நைனா, உடு" என்று உன் தோளைப் பிடித்தார். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அன்று சாத்தியதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ பண்ணது கரெக்ட்டுதாம்மே. ஆனா என்னால உன் மூஞ்ச பாக்க முடில" என்றார். மறுநாளிலிருந்து விடிந்ததும் கிளம்பிப் பூந்தமல்லி டிங்கரிங் ஷெட்டுக்குப் போய்விடுகிறார், பொழுது சாய்ந்துதான் வருகிறார். மாலையில் வண்டியை உள்ளே ஏற்றும்போது, உன் அறையில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்.

நான் உண்மைக்காக அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றால், இல்லை. நான் ஒன்றும் உண்மை விளம்பி இல்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகரிடம் உனக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை என்று நான் சொல்ல, நீ நடுவே புகுந்து, "இல்ல அங்கிள், எனக்கு பர்த்டேகூட முடிஞ்சிடுச்சு, நான் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு" என்று மாட்டிவிட்டாயே, அந்த அம்மாதான் நான். தடுப்பூசி வலிக்கவே வலிக்காது என்று ஒவ்வொரு தடவையும் உன்னிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போனவள். உனக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன். அந்த எலி என் விரலில் ஏறி மூச்சைத் தேடியபோது எனக்கு எலி தெரியவில்லை, நீ தெரிந்தாய். அதுதான் காரணம். நீ சாவதை என்னால் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என் கையால் சோதித்து நல்லது என்று சொன்ன மருந்தால், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பிரியா பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்துகொண்டு நீ சாகக் கூடாது. அவ்வளவுதான். என் மனம் தாங்காது என்பதற்காக உன் சான்ஸை நான் எடுத்துக்கொண்டேன் என்று நீ சொன்னால், ஆமாம், அப்படித்தான்.

உன்னால் எத்தனை உயிர் பிழைத்தது தெரியுமா என்று போதகர் என்னைத் தேற்றினார். அந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியாது. அவர்கள் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளாத ஊசியைப் பற்றித் தெரியாமல் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர்கள் பிழைத்தார்கள் என்ற நினைப்பு எனக்கு ஒரு ராத்திரிகூடத் தூக்கத்தைக் கொடுக்கவில்லை. ஹேமா போன் பண்ணி, கம்பெனி புதுப் பூச்சைத் தொடங்கிவிட்டது, நம் பிரிவில் இனி இரும்பு மருந்துக்குக் காந்த மெஷின் கூடாது என்று மாற்றிவிட்டோம் என்றாள். நல்ல செய்திதான். வேறு யாருடைய பிள்ளைக்கோ நல்ல செய்தி. இந்த ஞாயிறு எழுந்து நின்று சபையாரிடம் நடந்ததைச் சொல்லப்போகிறேன். என் பிள்ளை பிழைத்தான் என்று நான் சொன்னது நடக்கவில்லை என்பேன். கை தட்டியவர்கள் என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை, சும்மா மூடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கல்யாணக் கடிதத்தில் இல்லாத புத்தி ஒன்றிரண்டு சொல்கிறேன், கேட்டாலும் கேள், விட்டாலும் விடு. வலியைப் பொறுத்துக்கொண்டு வீரம் காட்டாதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு, அதில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. போனில் வெளிநாட்டு மருந்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்காதே. நீ படிப்பதை நானும் பிறகு எடுத்துப் படிக்கிறேன், இரண்டு பேருக்கும் நல்லதில்லை. பிரியாவை வராதே என்று சொன்னாயாமே. அவள் வாழ்க்கை வீணாகக் கூடாது என்று நினைக்கிறாய், தெரிகிறது. அவள் தெருமுனை வரை வந்து, பேக்கரி வாசலில் நின்று எனக்கு போன் பண்ணி, "சாப்ட்டானா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். இதுதானா நீ அவளுக்குச் செய்கிற நல்லது? அவளை உள்ளே வரச் சொல். அவளுடைய சான்ஸ் அவளுடையது என்று விடு, என்னிடம் நீ சொன்ன மாதிரியே.

கடைசியாக நெமிலிச்சேரி. அந்த ஃபிளாட்டில் நீ இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தாய், அங்கே போக ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றாவது மாடியில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சுற்றிலும் காலையில் பூட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள். உனக்கு வலி வந்து கூப்பிட்டால் ரயில் சத்தத்தில் யார் காதில் விழும்? நீ அங்கே போவது அமைதிக்காக இல்லை, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறாய். வேண்டுமானால் நான் போகிறேன், அத்தை வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன், நீ உன் அறையில் இரு என்று எழுத நினைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். என்னால் முடியாது. உன்னைவிட்டு ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது.

நீ கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், கண்ணு. சொல்லியிருந்தால் இன்னும் சில மாதம் நீ நம்பிக்கையோடு இருந்திருப்பாய், இன்னும் ஒரு தோசை போடு என்றிருப்பாய், பிரியாவோடு கல்யாணத் தேதி பார்த்திருப்பாய். அந்த மாதங்களை உன்னிடமிருந்து நான்தான் பிடுங்கினேன். மறுபடி ஹேமா அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். அதனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை, கேட்கவும் மாட்டேன். நீ கோபமாகவே இரு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கோபப்படாதே, ஹாலுக்கு வந்து கோபப்படு. தட்டை வீசு, என்னைக் கொலைகாரி என்று சொல், அக்கம்பக்கம் கேட்கட்டும். நான் எதிர்த்துப் பேசமாட்டேன். உனக்குக் களைப்பாகும்வரை திட்டிவிட்டு, கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு, தெம்பு வந்ததும் மறுபடி திட்டு. நீ போன பிறகு அப்பாவும் நானும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் இந்த வீட்டில் இருந்துவிடுவோம். சபையார் என்னை நல்லவள் என்பார்கள். என்னைத் திட்டுவதற்கு அதன்பின் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

உன் அம்மா